கோசி நதியும் அதன் கரைகளும்



கங்கையின் உபநதிகளுள், கோசியைப்போல் இடம் மாறிய நதியைக் காண்பது அரிது. அதனைப் 'பீஹாரின் துக்கம்' என்று அழைப்பது வெகுநாளைய வழக்கம்.

ஹிமயமலையில் ஏழு கிளைகளாகத் தோன்றுவதனால் நேபாளத்தில் இதற்கு ஸப்தகோசி என்று பெயர். அவற்றுள் அருண் என்னும் கிளை திபேத்தில் பிறந்து மலைகளைக் கடந்து வருகிறது. சத்ரா என்னுமிடத்தில் கோசி மலையை விட்டுச் சமவெளியில் இறங்கி, பீஹாரைக் கடந்து, குர்ஸேலாவுக்கருகே கங்கையை அடைகிறது.

மலையில் விரைந்தோடும் ஜலம் மண்ணையும் மணலையும் வாரிக்கொண்டு வரும். சமவெளியில் வேகம் குறைந்தவுடன் அச்சுமையை இறக்கிவிடும். அதனால் படுகை மேடாகவே, நதி பள்ளத்தை நாடி வேறு வழியே செல்லும். இவ்விதம், 18-ஆம் நூற்றாண்டில் பூர்ணியா நகரின் பக்கம் ஓடிய கோசி, சுமார் 200 வருஷங்களில் ஏறக்குறைய 70 மைல் மேற்கே நகர்ந்தது. நதி புதிதாய் வந்த கிராமங்கள் நீரில் மூழ்கின; அது விட்டுச்சென்ற கிராமங்களில் விளைநிலங்கள் மணல்மேடாயின. வெள்ளம் குடியானவனுக்கு ஒரு போக நஷ்டம். மணலோ பல வருஷத்து நஷ்டம்.

1954-ஆம் வருஷம் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, எல்லையருகே 56 மதகுகளுள்ள அணையும், நதியின் இருபுறமும் கரைகளும் கட்டப்பட்டன. நதி மேற்கே நகர்வது நின்றது, வண்டல் நிற்கவில்லை. அது கரைகளுக்குள்ளேயே படிந்து படுகையை உயர்த்திற்று. இரு கரைகளுக்கும் இடையே அகப்பட்ட கிராமத்தார் இன்றும் வெள்ளத்துக்கு உட்பட்டே வாழ்கின்றனர்.

2008-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ஆம் தேதி நேபாளத்துக் குஸஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. 9½ லக்ஷம் கன அடிப் பிரவாகத்துக்கென்று திட்டமிட்ட அவ்விடத்தில், அன்று விநாடிக்கு ஓடியது 1½ லக்ஷம் கன அடிக்கும் குறைவே. பெருவெள்ளத்தால் அன்று, பல நாளாக நேர்ந்த அரிப்பினாலேயே கரை விழுந்தது. நதி தன் பழைய கிழக்கு வழியைப் பற்றிக்கொண்டு ஸுபவுல், மதேபுரா முதலிய ஜில்லாக்களில் புகுந்தது. அங்கே வெள்ளத்தை மறந்திருந்த ஜனங்களையும் சேர்த்து, பீஹாரில் 30 லக்ஷத்துக்கு மேற்பட்டோர் அவதியுற்றனர்.

கரை நதியின் வழியைத் தடுக்கும், வண்டலைத் தடுக்காது. ஆதலால் ஆற்றோரத்துக் கிராமத்தார் நீர் குறைந்திருக்கும் காலத்திலேயே கரையின் அரிப்பைக் கவனித்து, உடனே தெரிவிக்கவேண்டும். ஆறு முன்பு ஓடிய பள்ளங்கள் இன்னவை என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து இளைஞருக்குக் காட்டவேண்டும். சங்கத்தின் தானியக் களஞ்சியத்தையும், விதைநெல்லையும், கணக்குப் புஸ்தகங்களையும் அப்பள்ளங்களுக்கு விலகி மேட்டிலேயே வைக்கவேண்டும். வெள்ளம் வடிந்தபின் மறுபடியும் பயிரிடுவதற்கு அவையே ஆதாரமாகும்.