கூட்டமில்லாத கேள்வியைத் தேடுங்கள்



இன்று உயிரியலில் பட்டம் பெற்று ஆய்வுலகில் அடியெடுத்து வைக்கவிருக்கும் மாணவர்களே, உங்களுக்கு ஜப்பானிய செல் உயிரியலாளர் யோஷினோரி ஓசுமியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவருக்கென்று ஓர் ஆய்வகம் அமைந்தபோது அவருக்கு வயது 43. அப்போது அவர் கையில் எடுத்தது ஈஸ்ட் செல்லின் வாக்குவோல். வெறும் குப்பைத்தொட்டி என்று பலரும் ஒதுக்கிவைத்த பகுதி அது. செல் தன் பாகங்களைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது என்பது முன்பே தெரியும். 1963இல் கிறிஸ்டியன் டி டூவ் அதற்கு ஆட்டோபேஜி என்று பெயரும் சூட்டிவிட்டார். ஆனால் எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்பது மட்டும் பிடிபடவில்லை.

சிதைவு நடக்கும் வேகத்தில் எதுவும் கண்ணில் சிக்காது. அதனால், சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டார் ஓசுமி. வாக்குவோலுக்குள் வந்து சேர்பவை சிதையாமல் தேங்கித்தானே ஆகவேண்டும்? சில மணி நேரத்தில், சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தது: வாக்குவோல் நிறையச் சின்னஞ்சிறு உருண்டைகள், ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன!

அதன்பின், மரபணுவில் மாற்றம் செய்த ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எவற்றில் அந்த உருண்டைகள் தோன்றவில்லை என்று அவருடைய ஆய்வகத்தில் தேடினார்கள். 1993இல் ஓசுமியும் அவருடைய ஆய்வு மாணவியும் ஆட்டோபேஜிக்குத் தேவையான 15 மரபணுக்களை அறிவித்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு இணையானவை மனித செல்களிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. இன்று பார்க்கின்சன் நோய், புற்றுநோய் ஆய்வுகளில் ஆட்டோபேஜிக்குத் தனி இடம் உண்டு. 2016இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஓசுமி ஒருவருக்கே வழங்கப்பட்டது. மறு ஆண்டே, அடிப்படை உயிரியல் ஆய்வுக்குக் கைகொடுக்க ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

அந்த ஈஸ்ட்டைப் பட்டினி போட்டபோது அவர் எந்த நோய்க்கும் மருந்து தேடவில்லை. செல் எப்படி இயங்குகிறது என்று அறியவே விரும்பினார். மாணவர்களே, எல்லோரும் முண்டியடிக்கும் தலைப்பில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். உங்களை உண்மையிலேயே உறுத்தும் கேள்வி எதுவோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கருவி வரட்டும் என்று காத்திருக்காமல், கையிலுள்ள நுண்ணோக்கியில் எதைக் காண முடியும் என்று யோசியுங்கள்.

பெற்றோர்களே, பேராசிரியர்களே, "இதனால் என்ன பயன்?" என்று முதல் ஆண்டிலேயே இவர்களைக் கேட்டுவிடாதீர்கள். இவர்களுக்கு வேண்டியது காலமும் நம்பிக்கையும். அவற்றைத் தாராளமாகக் கொடுங்கள்.

பட்டம் பெறும் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.