பொறுத்துக் கேட்கும் அவை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் தொண்டுக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் பட்டிமண்டபமும் இருத்தல் இயல்பு. அவற்றின் நடுவே, வாயால் பேச இயலாதவர்களைப் பற்றிப் பேசுமாறு தொண்டுக் குழுவினராகிய எம்மைப் பணித்திருக்கிறீர்கள். பேச்சையே செல்வமாகக் கொண்ட மன்றம் பேச இயலாதார்க்கென ஒரு பொழுதை ஒதுக்கியதற்கு நன்றி கூறுகிறோம். தொடர்புக் கருவி கொண்டு பேசுவோர்க்கு நட்பு மன்றமும், அவர்களுள் மூத்தோர் இளையோர்க்கு நல்கும் துணையும் என்பதே எமக்குத் தரப்பட்ட பொருள். பொருளுள் புகுமுன், எம் பிழை ஒன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ள வேண்டியவராக இருக்கிறோம்.

சென்ற ஆண்டு இதே மேடையில், கட்டுரைப் போட்டியில் வென்ற ஓர் இளைஞர்க்குப் பரிசு வழங்கினோம். மூளை முடக்குவாதத்தால் அவர் நாவும் கைகளும் அவர் விருப்பப்படி இயங்குவதில்லை. சக்கர நாற்காலியின் மீது ஓர் அட்டை இருந்தது. அவர் பாட்டி தம் கையால் எழுதித் தந்த தமிழ் எழுத்து அட்டை அது. “அவைக்கு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?” என்று ஒலிபெருக்கியில் கேட்டோம். அவர் விரல் மெல்ல நகர்ந்து ‘ந’ என்னும் எழுத்தைத் தொட்டது. அடுத்த எழுத்தைத் தேடி அது நகர்வதற்குள், “நன்றி என்கிறார்” என்று யாமே அறிவித்துவிட்டோம். நீங்கள் கைதட்டினீர்கள், நாற்காலியைக் கீழே இறக்கிவிட்டோம்.

விழா முடிந்தபின் அவர் பாட்டியார் எம்மை அழைத்து, “ஐயா, அவன் இன்னும் முடிக்கவில்லை, சற்றே நின்று பாருங்கள்” என்றார். நின்று பார்த்தோம். ‘ந’வுக்குப் பின் ‘ண’ வந்தது, புள்ளி வந்தது. பதினான்கு முறை அவ்விரல் நகர்ந்தது. நான்கு நிமிடங்கள்கூட ஆகவில்லை. ‘நண்பர் வேண்டும்’ என்பதே அவர் இவ்வவைக்குச் சொல்ல எண்ணியது. நண்பரைக் கேட்டவரிடம், அவர் சொல்லாத நன்றியைப் பெற்றுக்கொண்டு அனுப்பியிருந்தோம். அன்று தொடங்கிய எண்ணமே இவ்வுரை.

தொடர்புக் கருவி என்பது யாது? பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ நிற்கும் எதுவும் தொடர்புக் கருவியே. பாட்டியின் எழுத்து அட்டையும் கருவி. படங்கள் கொண்ட ஏடும் கருவி. எழுதியதை ஒலித்துக் காட்டும் கணினியும் கருவி. கண் நோக்கும் எழுத்தைக் கண்டறியும் பொறியும் கருவி. மூளை முடக்குவாதம் உடையோர், ஆட்டிசம் உடையோர், பக்கவாதத்தால் பேச்சிழந்தோர், நரம்பியக்க நோயால் நாளடைவில் குரல் குன்றியோர் எனப் பலர் இவற்றைக் கையாளுகின்றனர். வாய் பேசாமை அறிவின்மை அன்று. இதனை முதற்கண் உணர்தல் வேண்டும்.

இத்துறையின் வரலாறு நெடியதன்று. சார்லஸ் பிளிஸ் என்பார், மொழி வேறுபட்ட மக்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளுமாறு குறியீட்டு முறை ஒன்றை வகுத்து 1949-இல் நூலாக வெளியிட்டார். அவர் நாஜிகளின் சிறை முகாம்களிலிருந்து மீண்டு, ஷாங்காய் வழியாக ஆஸ்திரேலியா சேர்ந்தவர். உலகம் அம்முறையைப் பொருட்படுத்தவில்லை. 1971-இல் கனடாவின் டொரான்டோ நகரில், பேச இயலாக் குழந்தைகளுக்கு வழி தேடிய ஷெர்லி மக்நாட்டன் என்னும் ஆசிரியை அதனைக் கண்டெடுத்தார். நாடுகளை இணைக்கப் பிறந்த முறை, குழந்தைகளின் வாய்மொழியாயிற்று. 1983-இல் இத்துறைக்கெனப் பன்னாட்டுக் கழகம் தோன்றியது. 1985-இல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் மூச்சுக்குழல் அறுவையால் குரலை இழந்து, பின்னர்க் கணினிக் குரலால் உலகெங்கும் சொற்பொழிவாற்றினார். 2001-இல் மும்பைக்கும் அவர் வந்திருந்தார்.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. மிது ஆலூர் அம்மையார் தம் மகளின் பொருட்டு 1972-இல் அன்றைய பம்பாயில் ஒரு சங்கம் தொடங்கினார். மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகட்குக் கல்வி தரும் அச்சங்கத்தைத் தொடர்ந்து கொல்கத்தாவிலும் சென்னையிலும் அத்தகைய அமைப்புகள் எழுந்தன. அம்மகளார் மாலினி சிப், ஒரே விரலால் தட்டெழுதித் தம் வரலாற்றை ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்னும் நூலாக 2011-இல் தந்தார். 2014-இல் வெளிவந்த ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ என்னும் திரைப்படத்திற்கு அவர் வாழ்வு தூண்டுகோலாயிற்று. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘அவாஸ்’ என்னும் கருவி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் இன்று கிடைக்கிறது.

கருவி வந்துவிட்டது, குறை தீர்ந்தது அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். தீரவில்லை என்பதே எம் விடை. வீணையை விலைக்கு வாங்கியவர் வீணைக் கலைஞர் ஆகிவிடுவதில்லை. நாம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 சொற்கள் பேசுகிறோம். கருவி கொண்டு பேசுவோர் பெரும்பாலும் 15 சொற்களைக்கூட எட்டுவதில்லை. இவ்வேறுபாட்டால், அவர் விடையைத் தொடங்கும்போதே நாம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். கேட்பார் இல்லாத இடத்தில் கருவி வெறும் பெட்டியே.

இனி, ஒத்த நிலையினரின் துணை ஏன் வேண்டும் என்பதை நோக்குவோம். நம் குழந்தைகள் பேசக் கற்பது எங்ஙனம்? நாளெல்லாம் பேசுவோர் நடுவே வளர்ந்து கற்கிறார்கள். எழுத்து அட்டையில் பேசும் குழந்தையோ, அட்டையில் பேசும் பெரியவர் ஒருவரையும் காணாமலே வளர்கிறது. தன்னைப் போன்றோர் வளர்ந்து வேலை பார்ப்பதையும், காதலிப்பதையும், கடைக்காரரோடு வழக்காடுவதையும் அது பார்த்ததில்லை. பயிற்சியாளர் கருவியை இயக்கக் கற்பிப்பார். ஆனால், பேச்சின் நடுவே எவ்வாறு குறுக்கிடுவது, பொறுமையிழந்த அயலாரை எவ்வாறு நிறுத்திவைப்பது, மின்கலம் தீர்ந்தால் என்செய்வது, ‘முடியாது’ என்பதை எவ்வாறு உறுதியாகச் சொல்வது என்பனவற்றைப் பட்டறிந்தவரே கற்பிக்க இயலும்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லுவோம். குழந்தையின் அட்டையை நிரப்புவோர் பெற்றோரும் ஆசிரியரும் ஆவர். சோறு, நீர், கழிவறை, வலி, நன்றி என்னும் சொற்களை அவர்கள் அன்போடு எழுதிவைக்கின்றனர். சினச் சொல் இல்லை; கேலிச் சொல் இல்லை; அரசியல் இல்லை; காதல் இல்லை. ‘இவர் என்னைத் துன்புறுத்தினார்’ என்று முறையிடுதற்குரிய சொற்களும் இல்லை. இல்லாத சொல்லை எவர்தாம் சொல்வார்? அச்சொற்களை முதலில் எழுதித்தருபவர், அவையின்றித் தவித்த மூத்த தோழராகவே இருப்பார்.

வெளிநாடுகளில் இதனை முறையாகச் செய்து பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார், கருவி கொண்டு பேசும் பெரியோர்க்குச் செவிகொடுத்தலிலும் சிக்கல் தீர்த்தலிலும் இணையவழிப் பயிற்சி தந்து, இளையோர்க்கு வழிகாட்டிகளாக்க முனைந்தனர். அம்முயற்சியை 2007-இல் கட்டுரையாகவும் வெளியிட்டனர். பயிற்சியின் உட்பொருளைக் கவனியுங்கள்: அறிவுரை சொல்லுவதன்று, கேட்பதே வழிகாட்டியின் முதற்பணி. இங்கிலாந்தில் பெற்றோர் முயற்சியால் தோன்றிய ‘ஒன் வாய்ஸ்’ என்னும் அமைப்பு, கருவி கொண்டு பேசும் பெரியோரையே முன்மாதிரிகளாகக் கொண்டு குடும்பங்களை ஒன்றுகூட்டியது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு, ஒத்த நிலையினரின் துணையைப் பெயர் சுட்டியே கூறுகிறது. இந்தியா 2007-இல் அதனை ஏற்றது. நம் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், தொடர்பு என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும்போது துணைத் தொடர்பு முறைகளையும் மாற்றுத் தொடர்பு முறைகளையும் உள்ளடக்கியுள்ளது. ஆகவே, பாட்டியின் அட்டையில் எழுந்த சொல்லும் சட்டத்தின் முன் சொல்லே ஆகும்.

இவற்றிற்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் நினைத்தல் கூடும். நெருங்கிய தொடர்பு உண்டு. பிறமொழி வழங்கும் நகரில் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கற்று, வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். வாய் பேசும் பிள்ளைக்கு அது தானே வந்துவிடுகிறது. அட்டையில் பேசும் பிள்ளைக்கோ, பள்ளி தந்த அட்டையில் தமிழ் இல்லை. எனவே, தாய்மொழியைச் செவியால் நுகர்ந்தும் விடைசொல்ல வழியின்றி இருக்கிறது. ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் தாத்தாவோடு உரையாட அதற்குக் கருவி இல்லை. அந்தப் பாட்டியார் இதனை உணர்ந்தே அட்டை செய்தார். தமிழ் எழுத்து 247. அத்தனையையும் ஓர் அட்டையில் எழுதினால் விரல் தேடிக் களைத்துப்போகும். அவரோ உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1, புள்ளி 1 என 32 கட்டங்களில் அடக்கிவிட்டார். ‘ப’வைத் தொட்டு ‘இ’யைத் தொட்டால் ‘பி’. ‘ப’வைத் தொட்டுப் புள்ளியைத் தொட்டால் ‘ப்’. தொல்லிலக்கணம் கண்ட உயிரும் மெய்யும் ஒரு பேரனின் நாவாக நின்று பயன்பட்டன.

நட்பு மன்றம் நடத்தும் முறையையும் சுருங்கச் சொல்லுவோம். மாதம் ஒருநாள் கூடினால் போதும். மன்றத்தின் தலைமை கருவி கொண்டு பேசுவோரிடமே இருத்தல் வேண்டும். நாம் நாற்காலி போடுவோர், அவ்வளவே. எதிரே நிமிர்ந்து நில்லாமல் கண்ணுக்கு நேராக அமர்ந்து பேசவேண்டும். உடன் வந்தவரிடம் அன்று, அவரிடமே கேள்வி கேட்கவேண்டும். ஊகித்துச் சொல்லுமுன் ஊகிக்கலாமா என்று அவரையே கேட்கவேண்டும். கணினி பழுதானால் எடுத்துக்கொள்ள எழுத்து அட்டை அருகில் இருக்கவேண்டும். பெற்றோர் சிறிது நேரம் வெளியே தேநீர் அருந்தட்டும். தாய் கேட்கக்கூடாத சிரிப்பும் இளைஞர்க்கு வேண்டும் அல்லவா? மற்றும், வழிகாட்டியாக வரும் மூத்தோர்க்கு ஊதியம் தருதல் முறை. அவர் அறிவு வாழ்ந்து பெற்ற அறிவு. அதனை இலவசமாகக் கொள்ளுதல் அறமாகாது.

இவர்களைத் தனியே கூட்டினால் உலகத்திலிருந்து ஒதுக்கியதாகாதா என்பது ஒரு தடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மன்றத்தோடு நின்றுவிட்டால் அவ்வாறே ஆகும். எனினும், பிறமொழி நகரில் நாம் ஏன் சங்கம் வைத்தோம்? ஒதுங்கி வாழ்வதற்கா? நம்மவரிடையே ஓய்வாகப் பேசி வலிமை பெற்று, மறுநாள் இந்நகரத்தாரோடு கலந்து வாழ்வதற்கே. நாம் நமக்குச் செய்துகொண்டதைத்தான் அவர்கட்கும் கேட்கிறோம். புலம் பெயர்ந்தவர்க்குத் தம்மவரைக் காணும் மகிழ்ச்சியை எவரும் எடுத்துரைக்க வேண்டா.

எம் வேண்டுகோள் மூன்று. மாதந்தோறும் முதல் ஞாயிறு மாலை இம்மண்டபத்தின் சிறு கூடத்தை அம்மன்றத்திற்கு வழங்குக. வாயிலில் மூன்று படிகள் உள்ளன; அவற்றின் அருகே சாய்தளம் அமைக்குக. பாட்டியாரின் 32 கட்ட அட்டையை அச்சிட்டு, வேண்டுவோர்க்கெல்லாம் கொடுக்குக. பெருஞ்செலவன்று, பந்தல் அலங்காரத்தில் ஒரு பகுதியைக் குறைத்தால் போதும்.

வள்ளுவர் ‘கேள்வி’யை 42-ஆம் அதிகாரமாகவும், ‘சொல்வன்மை’யை 65-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கேட்கத் தெரிந்த பின்னரே பேசவேண்டும் என்று யாம் அவ்வரிசைக்குப் பொருள் கொள்ளுகிறோம். சொல்வன்மையில் நம் சங்கத்திற்குக் குறைவில்லை. கேள்வியில்தான் சென்ற ஆண்டு தவறினோம்.

எமக்கு அளித்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் எஞ்சியுள்ளது. அவ்விளைஞர் பாட்டியாரோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அப்பத்து நிமிடமும் அவருடையது. அவர் விரல் நிற்கும்வரை எவரும் கைதட்ட வேண்டா. எவரும் ஊகிக்கவும் வேண்டா. முடித்துவிட்டதாக அவரே சொல்லுவார்.