மதிப்பெண் போடாத வாசகர்

எந்தப் பள்ளியின் தமிழ்க் கட்டுரை ஏட்டைப் புரட்டினாலும் ஒரே வார்ப்புதான்: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முன்னுரையில் ஒரு பழமொழி, முடிவுரையில் ஓர் உறுதிமொழி. தலைப்பு மழைநீர் சேகரிப்பானாலும் சாலை விதிகளானாலும் இதில் மாற்றம் இல்லை. விட்டுப்போன ஒற்றுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம், அடியில் தேதியோடு ஒரு கையொப்பம். அதோடு அந்தக் கட்டுரையின் ஆயுள் முடிந்தது. எழுதிய பிள்ளைகூட அதைத் திரும்பப் படிப்பதில்லை. ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே இரவில் நாற்பது ஏடுகளைத் திருத்துகிறவரால் வாசகராக எப்படி இருக்க முடியும்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்கிறோம். அவர்களிடம் கற்பனை இருக்கிறது, படிக்க ஆள்தான் இல்லை. கணினியும் இணையமும் பள்ளி எழுத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த ஆளைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைப்பது. அதைச் செய்யாவிட்டால் அவை விலை கூடிய பேனா, அவ்வளவே.

கணினிக்கு வெகுகாலம் முன்பே இதைக் கண்டுகொண்டவர்கள் இருக்கிறார்கள். 1920களில், தெற்கு பிரான்ஸின் பார்-சூர்-லூ என்ற மலையூரில், செலஸ்தான் ஃபிரெனே என்ற பள்ளி ஆசிரியர் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் சொற்களைத் தாங்களே எழுத்தெழுத்தாக அச்சுக் கோத்தார்கள். அச்சான தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரித்தானிப் பகுதியின் கடலோர ஊரான திரெகுங்க் பள்ளிக்குப் போயின. அங்கிருந்து அந்தப் பிள்ளைகள் எழுதியவை வந்தன. மலையூர்ப் பிள்ளை கடலோரப் பிள்ளைக்கு எழுதும்போது, தன் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைக்கூட விளக்கியாக வேண்டும். வர்ணனை என்று நாம் பாடம் நடத்துவது அங்கே தேவையிலிருந்து பிறந்துவிடுகிறது. நம் ஊர்களிலும் கையெழுத்துப் பத்திரிகை என்றொரு நல்ல வழக்கம் இருந்தது. ஆனால் ஒரே பிரதி; நாலு தெரு சுற்றி வருவதற்குள் ஓரம் நைந்துவிடும். இன்று தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை ‘தேன்சிட்டு’ என்ற மாணவர் இதழை அச்சில் கொண்டுவருகிறது. கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் ‘ஸ்கூல் விக்கி’ என்ற தளத்தை மலையாளத்தில் நடத்துகிறது. 2020 ஊரடங்கில் ‘அக்ஷரவிருக்ஷம்’ என்ற திட்டத்தின் கீழ்ப் பிள்ளைகளின் கதை, கவிதை, கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் அதில் ஏறின. பள்ளிகள் பூட்டியிருந்த நேரத்தில் நடந்தது இது.

கருவியால் எழுத்து மேம்படுகிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2007இல் ஸ்டீவ் கிரகாம், டோலரஸ் பெரின் என்ற இரு ஆய்வாளர்கள், 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி குறித்த ஆய்வுகளைத் தொகுத்து ‘ரைட்டிங் நெக்ஸ்ட்’ என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். 0.5 என்றால் நடுத்தரம், 0.8 என்றால் பெரிது என்று கொள்ளும் அளவுகோலில், கணினியில் எழுதுவதன் பலன் 0.55. பிள்ளைகள் கூடித் திட்டமிட்டு, எழுதி, ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்துவதன் பலன் 0.75. இலக்கணத்தைத் தனியே நடத்துவதன் பலன் கழித்தல் 0.32! தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களைக் கொண்டு எடுத்த கணக்கு இது, நமக்கு அப்படியே பொருந்தும் என்று வாதாட மாட்டேன். ஆனால் அந்த வரிசையைப் பாருங்கள். யந்திரத்தைவிடப் பக்கத்து இருக்கைத் தோழி பெரிய கருவியாக இருக்கிறாள்.

“ஏற்கெனவே போனிலேயே கிடக்கிறார்கள், இது வேறா?” என்று பெற்றோர் கேட்பது நியாயம். கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் எடுத்த ‘ஏசர் 2023’ ஆய்வில், ஏறக்குறைய 90 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதைக் கையாளவும் தெரிகிறது. அதே வயதில் நாலில் ஒருவருக்கு, தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்குதடையின்றிப் படிக்க வரவில்லை. ஆக, போன் தானாக எழுத்தறிவைத் தந்துவிடாது; ஒப்புக்கொள்கிறேன். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருப்பவர்கள் ஆண் பிள்ளைகளில் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகளில் 19.8 சதவீதம். வீட்டுப் போனை நம்பிப் பிள்ளைகள் எழுதும் இதழ் ஒன்றை நடத்தினால் அது பையன்கள் பத்திரிகையாகத்தான் முடியும். பள்ளியின் கணினி அறை, பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியடு. அதற்குக் குறைந்து எதையும் ஏற்கக் கூடாது.

தட்டச்சினால் தமிழ் கெடும் என்பது அடுத்த புகார். ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்து, திரை நீட்டும் பட்டியலில் ஒன்றைத் தொடும் பிள்ளைக்கு ந, ன, ண வேறுபாடு மங்கத்தான் செய்யும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் அதே சொல்லை அடித்துப் பாருங்கள். அ, ம, ம, ஆ: நாலே தட்டு. மகரம் இரட்டிக்கும்போது முன்னதன் தலையில் புள்ளி தானே விழுகிறது. பின்னதோடு ஆகாரம் சேர்ந்து மா ஆகிறது. ‘பந்து’ வேண்டுமா? ப, ந, த, உ. தகரத்துக்கு இனம் நகரம் என்று அந்தப் பலகைக்குத் தெரியும். புள்ளியை அதுவே வைத்துவிடும். உயிர்மெய்யும் இனவெழுத்தும் கரும்பலகையில் ஏறாத தலைக்குள் விரல் வழியாக ஏறிவிடுகின்றன. ஒரு மாதப் பயிற்சி போதும்.

கடினமான எதிர்வாதம் செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. கேட்டால் அரை நிமிடத்தில் கதை தரும் சாட்ஜிபிடி இருக்க, பிள்ளை ஏன் மெனக்கெட வேண்டும்? மதிப்பெண்ணுக்கு என்றால் மெனக்கெட மாட்டாள். அந்தப் பழைய கட்டுரை வார்ப்பை யந்திரம் நம்மைவிட நன்றாகவே நிரப்பும். ஆனால் தன் வகுப்புத் தோழர்களே ஆசிரியர் குழுவாக இருந்து, “அந்தப் பாட்டி ஏன் திடீரென்று மனம் மாறினாள்?” என்று கேட்கும் இடத்தில் இரவல் கதை நிற்காது. கூகுள் டாக்ஸ் போன்ற செயலியில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிந்திருக்கும். நாலு வரைவு மாறி வந்த கதையும் ஒரே ஒட்டில் வந்த கதையும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதைத் திருடனைப் பிடிக்க என்று பயன்படுத்தாமல், முதல் வரைவுக்கும் நாலாவது வரைவுக்கும் நடுவே என்ன நடந்தது என்று வகுப்பில் பேசப் பயன்படுத்தினால், படைப்பிலக்கிய வகுப்பு வேறு எதுவும் தேவையில்லை.

இதையெல்லாம் பெங்களூரில் ஏன் சொல்கிறேன்? பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இந்த ஊரில் பிறந்தது. யாரும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அங்குள்ள படங்களை வைத்துப் புதுக்கதை கட்டலாம். யாரும் தங்கள் கதைகளை எழுதி வெளியிடக்கூடிய தளமான, 2014இல் வந்த ‘பிரதிலிபி’யும் இந்த ஊர்தான். இங்கே தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசுகிறது. கர்நாடகத்தின் 2015 சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயம் என்பதைச் சுமையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் இரண்டு மொழி தெரிவது ஒரு வாய்ப்பும்கூட: தமிழ் எழுத்தாளர் பாவண்ணன் இதே நகரில் வாழ்ந்துகொண்டு, கன்னட எழுத்தாளர் பைரப்பாவின் ‘பர்வ’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். சொந்தமாகக் கதை எழுதக் கூசும் பதினைந்து வயதுப் பிள்ளை, வகுப்புத் தோழனின் கன்னடக் கதையைத் தமிழாக்கித் தொடங்கலாமே. எழுதியவன் பக்கத்திலேயே இருப்பான், சந்தேகம் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். பதினான்கு வயதில் எழுதிய கவிதையும் பதிப்புரிமை உள்ள சொத்து. எழுதியவரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டு அது நிற்கும். திறந்த உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டால் திரும்பப் பெற முடியாது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே புனைபெயர் இருக்கட்டும், படம் வேண்டாம், முதல் ஆண்டு இதழ் பள்ளிகளுக்குள் மட்டும் சுற்றட்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களிடம் என் கோரிக்கை இதுதான். ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டிக்கு வாங்கும் கோப்பைகளை ஒரு வருடம் நிறுத்திவையுங்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பதிப்பாசிரியரை அமர்த்துங்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் பிள்ளைகளோடு உட்காரட்டும். முதல் இதழுக்குப் பதினாறு பக்கம் போதும். அதில் வரும் ஒவ்வொரு கதையையும் வேறொரு பள்ளியில் ஒரு பிள்ளை படித்துவிட்டு, பிடித்ததோ பிடிக்காததோ, நாலு வரி பதில் எழுத வேண்டும். அந்தப் பதில்களுக்கும் இதழில் இடம் ஒதுக்குங்கள்.