ஓராண்டு மிச்சம், யாருக்கு லாபம்?

மருந்தியலில் டாக்டர் பட்டமான ஃபார்ம்.டி, இந்திய பார்மசி கவுன்சிலின் விதிமுறைகளோடு 2008-ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்தது. அதைப் பெற இரண்டு வழிகள் உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தால் ஐந்து ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக ஆறு ஆண்டுகள். நான்கு ஆண்டு பி.ஃபார்ம் படித்துவிட்டுச் சேர்ந்தால் மேலும் மூன்று, ஆக மொத்தம் ஏழு. இந்த மேடையின் வழக்கு அந்த ஓராண்டைப் பற்றியது. உலக அனுபவம் இல்லாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு, அந்த ஓராண்டை மிச்சம் பிடிக்கும் விரைவு வழி ஏற்றதல்ல என்பதே இந்த அணியின் வாதம்.

வழக்கு கொங்கு மண்ணுக்கு நெருக்கமானது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி., அவிநாசி சாலைப் பக்கம் கே.எம்.சி.எச்., ஸ்ரீ ராமகிருஷ்ணா, ஈரோட்டில் நந்தா, மலையேறினால் ஊட்டியில் ஜே.எஸ்.எஸ். என்று பார்மசி கல்லூரிகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. கல்லூரியை ஒட்டியே பெரிய மருத்துவமனை இருப்பது கோவைக்கு வாய்த்த பலம். இத்தனை வசதியும் கண்ணெதிரே இருப்பதால், முடிவு எளிதாகிவிடுகிறது. நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த வீட்டில், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வரும் இன்னொரு படிப்பு உண்டு என்று யாராவது சொல்கிறார்கள். அடுத்த வாரம் கட்டணம் கட்டியாகிவிடுகிறது. பிள்ளை அதுவரை ஒரு மருந்தாளுநர் என்ன வேலை செய்கிறார் என்று அருகில் நின்று பார்த்திருக்காது.

அந்த வேலை என்ன? ஃபார்ம்.டி என்பது ஆய்வகத்தை விட வார்டை மையமாகக் கொண்ட படிப்பு. விதிமுறை, பயிற்சி ஆண்டில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவிலும், வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளில் தலா இரண்டு மாதமும் பணியாற்றச் சொல்கிறது. மருத்துவரோடு ரவுண்ட்ஸ் போக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த சர்க்கரை நோயாளிக்கு மெட்ஃபார்மின் தொடரலாமா, அளவைக் குறைக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர், மூட்டுவலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்கினால் ரத்தக்கசிவு வரலாம். அதை அவரிடம் கேட்டறிய வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த அறுபது வயது விவசாயி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்று சிரித்து மழுப்புவார். அவரை உட்கார வைத்து உண்மையைச் சொல்ல வைப்பது பாடப்புத்தகத்தில் வராத திறமை. மூத்த மருத்துவர் எழுதிய சீட்டில் பிழை கண்டால் அதைப் பணிவாகவும் தயங்காமலும் சொல்வது அதைவிடக் கடினம். இரண்டுக்கும் வேண்டியது பக்குவம்.

பாடத்திட்டத்தின் வரிசையும் இதையே காட்டுகிறது. நேரடி ஃபார்ம்.டியில் நோய்க்கு மருந்து தேர்ந்தெடுக்கும் பாடமான பார்மகோதெரபியூட்டிக்ஸ் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குகிறது. அதே ஆண்டில்தான் பார்மகாலஜியின் முதல் பகுதியும், உடலில் நோய் எப்படி உருவாகிறது என்ற பாடமும் வருகின்றன. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரியத் தொடங்கும்போதே, எந்த மருந்தை யாருக்குத் தருவது என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டியிருக்கிறது. பாவு ஏற்றாத தறியில் ஊடை ஓட்டினால் துணி விழாது. பி.ஃபார்ம் வழியில் வருபவரும் அந்தப் பாடத்தை முதலாண்டில் நெருக்கிப் படிக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவர் நான்கு ஆண்டு அடித்தளத்தின் மேல் நின்று படிக்கிறார்.

அடுத்தது, வழி மாறும் உரிமை. பி.ஃபார்ம் முடித்தவர் கையில் ஒரு பட்டம் இருக்கிறது. மருந்துக்கடை வைக்கலாம், மருந்துத் தொழிற்சாலையில் உற்பத்திக்கோ தரக் கட்டுப்பாட்டுக்கோ போகலாம், ஜிபேட் எழுதி எம்.ஃபார்ம் சேரலாம், மருந்து ஆய்வாளர் தேர்வுக்குத் தயாராகலாம். வார்டுதான் தன் இடம் என்று இருபத்தொரு வயதில் தெளிந்தால், ஃபார்ம்.டி சேரலாம். நேரடியாகச் சேர்ந்தவர் நான்காம் ஆண்டில் "இது எனக்கானதல்ல" என்று உணர்ந்தால், அதுவரை படித்ததற்கு பி.ஃபார்ம் பட்டம் தானாகக் கைக்கு வருவதில்லை. பிடிக்காத படிப்பை முடித்தே தீர வேண்டும், இல்லையேல் வெறுங்கையோடு வெளியேற வேண்டும். பதினேழு வயதில் எடுத்த முடிவுக்கு இவ்வளவு பெரிய விலை நியாயமல்ல.

எதிரணியின் வாதங்களில் வலுவானவை மூன்று. முதலாவது, பணமும் காலமும். ஏழாவது ஆண்டின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். ஆனால் அந்த ஏழு ஆண்டில் இரண்டு பட்டங்கள் கிடைக்கின்றன. நான்காம் ஆண்டு முடிவில் வேலைக்குப் போய்ச் சேமித்துவிட்டு மேலே படிக்கவும் முடிகிறது. இரண்டாவது, இளமையிலேயே மருத்துவமனைச் சூழல் பழகிவிடும் என்பது. நேரடிப் படிப்பிலும் வார்டுப் பயிற்சியின் கனம் பின்னாண்டுகளில்தான் கூடுகிறது. சேர்ந்த நாளிலேயே நோயாளி முன் யாரும் நிற்பதில்லை. மூன்றாவது, இடங்கள். நேரடிப் படிப்புக்கு ஒரு கல்லூரியில் முப்பது இடங்கள், பி.ஃபார்முக்குப் பிந்தைய சேர்க்கைக்குப் பத்தே இடங்கள். இதில் எதிரணியின் கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு, அந்தப் பத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பது. இடம் குறைவு என்பதற்காகத் தயாராகாத பிள்ளையை முப்பதுக்குள் தள்ளுவது தீர்வாகாது.

அமெரிக்காவைக் காட்டுவோரும் உண்டு. அங்கே ஃபார்ம்.டி பொதுவாக நான்கு ஆண்டு; கலிஃபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் விடுமுறையைச் சுருக்கி மூன்றே ஆண்டில் முடிக்கிறார்கள். ஆனால் அதில் சேருமுன் குறைந்தது இரண்டு ஆண்டு கல்லூரியில் அடிப்படை அறிவியல் படித்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் ஏன் இந்தத் தொழில் என்று பதில் சொல்ல வேண்டும். இங்கே நுழைவாயிலில் கேட்கப்படுவது பிளஸ் டூ மதிப்பெண். அவர்களின் வேகத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முன் வைத்த வடிகட்டியை விட்டுவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

நேரடி வழி யாருக்கும் ஆகாது என்று இந்த அணி சொல்லவில்லை. டிப்ளமோ படிப்பான டி.ஃபார்ம் படித்தவர்களும் ஃபார்ம்.டி முதலாண்டில் சேர விதிமுறை இடம் தருகிறது. அவர்கள் குறைந்தது ஐந்நூறு மணி நேரப் பயிற்சியில் மருந்துச் சீட்டுகளைக் கையாண்டு, நோயாளியின் முகம் பார்த்து வந்தவர்கள். அவர்களுக்கு அது பொருந்தும். குடும்பக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று வளர்ந்து, இதுதான் வேண்டும் என்று தெரிந்து வரும் பிள்ளைக்கும் பொருந்தும். அந்த அனுபவம் எதுவும் இல்லாத பெரும்பாலோருக்கு முறையான வரிசை, முதலில் பி.ஃபார்ம், பிறகு தெளிவு, அதன்பின் ஃபார்ம்.டி. அந்த ஏழாவது ஆண்டு பிள்ளைக்குத் தெளிவையும், அவர் கையால் மருந்து பெறப்போகும் நோயாளிக்குப் பாதுகாப்பையும் தருகிறது. ஆகவே தீர்ப்பு பி.ஃபார்ம் வழிக்கே போக வேண்டும்.