சுமப்போருக்கு ஒரு சுமைதாங்கி

(ஆண்டு ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டுக் கணக்கைப் படித்துவிட்டு நம் ஆதரவாளர் ஒருவர் ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். எங்கள் காணிக்கை நோயாளிகளுக்குப் போகட்டும், சமூகப் பணியாளர்களின் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் ஏன் செலவிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அவர் இங்கே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி, அதற்கே இன்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

நீங்கள் அனுப்புகிற ஏழை நோயாளர் நிதி யார் கையால் பங்கிடப்படுகிறது என்று யோசித்ததுண்டா? கையெழுத்திடுகிறவர் மருத்துவ அதிகாரி. ஆனால் குடும்பத்தை உட்காரவைத்து, குடும்ப அட்டையைப் பார்த்து, நிலம் உண்டா, நகை அடகில் இருக்கிறதா, கந்துவட்டி எவ்வளவு என்று கூச்சத்தோடு கேட்டு, எவ்வளவு சலுகை தரலாம் என்று எழுதுகிறவர் சமூகப் பணியாளர். நிதி தீர்ந்துபோனால் "இனி முடியாது அம்மா" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. கொடுக்கிற கை உங்களுடையது. இல்லை என்று சொல்லுகிற வாய் அவர்களுடையது.

இந்தப் பணி பிறந்ததே அப்படித்தான். 1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையார் நியமிக்கப்பட்டார். பணம் கட்டக்கூடியவர்கள் இலவசச் சிகிச்சை பெறுகிறார்களா என்று கண்டறிவதே அவருக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை. அதுவும் மூன்று மாதச் சோதனைக்கு. கண்டறியப் போனவர் ஏழைகளுக்கு வேண்டிய உதவியைத் தேடித் தருகிறவரானார். நம் நாட்டில் 1936-இல் பம்பாயில் சமூகப் பணிக்கென முதல் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதை முன்னின்று அமைத்தவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனெரி. 1946-இல் அதே நகரின் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார்.

இப்போது ஒரு சம்பவம். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடு சொல்லுகிறோம். நோயாளியின் அடையாளங்களை மாற்றியிருக்கிறோம். சிறுநீரகம் செயலிழந்த ஒரு கூலித் தொழிலாளி வாரம் இருமுறை டயாலிசிசுக்கு வந்துகொண்டிருந்தார். நான்கு மாதம் நிதியிலிருந்து சலுகை கொடுத்தோம். ஐந்தாம் மாதம் கொடுக்க வழியில்லை. இதை அவர் மனைவியிடம் சொல்லும் பொறுப்பு எங்கள் இளம் பணியாளரிடம் வந்தது. சொன்னார். அந்த அம்மாள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, இவ்வளவு நாள் பண்ணுனீங்களே" என்று கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் ஐயா, கும்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை" என்று அந்தச் சகோதரி பிற்பாடு எங்களிடம் சொன்னார். மூன்று நாள் விடுதிச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

செவிலியர்களுக்கு ஷிப்டில் கூட நாலு பேர் உண்டு. மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் போகையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுகிறார்கள். சமூகப் பணியாளரோ கதவைச் சாத்திக்கொண்டு தனியே கேட்கிறார். கேட்டதை வீட்டிலும் சொல்லக்கூடாது, தோழியிடமும் சொல்லக்கூடாது. அது தொழில் தருமம். கணவன் அடித்த கதை, எச்.ஐ.வி. வந்த கதை, விட்டுவிட்டுப் போன குழந்தையின் கதை எல்லாம் அவருக்குள்ளேயே இறங்குகின்றன. நம் கிராமச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைத்து, மூச்சுவாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போவதற்காக ஆள் உயரத்தில் நிறுத்திய கல். சுமையை அது எடுத்துக்கொள்வதில்லை. நடக்கிறவரை நடக்கச் செய்கிறது.

அப்படி ஒன்றுதான் எங்கள் வியாழக்கிழமைக் கூட்டம். பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு வரை நான்கு சமூகப் பணியாளர்களும் ஒன்றாக அமர்கிறார்கள். ஒருவர் அந்த வாரத்தில் தம்மை அழுத்திய ஒரு காரியத்தைச் சொல்லுகிறார். டயாலிசிஸ் காரியத்தைச் சொன்ன அன்று யாரும் உடனே ஆறுதல் சொல்லவில்லை. மூத்தவர் கேட்ட முதல் கேள்வி: "நீ அந்த அம்மாவிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்லு." இன்னொருவர், "மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இடம் இருக்கிறதா என்று இந்த மாதம் கேட்டாயா?" என்றார். முன்பு கேட்டபோது இடமில்லை. இந்த முறை கேட்டபோது இருந்தது. இரண்டாம் வாரம் அந்தத் தொழிலாளி அங்கே சேர்க்கப்பட்டார்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. வழியே இல்லாத காரியங்களும் அந்த அறையில் பேசப்படுகின்றன. பேசினவர் மறுநாள் வேலைக்கு வருகிறார், அவ்வளவுதான். அதை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. இக்கூட்டம் தொடங்குவதற்கு முன்பு எங்களிடம் ஒரு சகோதரன் இருந்தார். எந்தத் தாலுகா அலுவலகத்தில் யாரைக் கேட்டால் வருமானச் சான்று விரைவாக வரும், எந்த ஊருக்கு எந்த நேரம் கடைசிப் பேருந்து என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "குடும்பக் காரணங்கள்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு விலகினார். இன்று ஒரு நிதி நிறுவனத்தில் நலமாக இருக்கிறார். அவர் தெரிந்துவைத்திருந்ததை அடுத்தவர் கற்றுக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

உங்கள் பணத்துக்கும் இதனால் நன்மை உண்டு. நால்வரில் ஒருவர் இளகிய மனதுக்காரர், ஒருவர் கணக்கில் கண்டிப்பானவர். ஒரே நிலையிலுள்ள இரண்டு குடும்பங்கள் யார் மேசைக்குப் போயின என்பதைப் பொறுத்துச் சலுகை கூடுவதும் குறைவதும் முறையல்ல. இப்போது கடினமான விண்ணப்பங்களைச் சேர்ந்து பார்க்கிறார்கள்.

போதகர்களாகிய எங்களுக்கு இம்முறை புதிதல்ல. 1925-இல் அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று பயிற்சி அளித்தார். தாமே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர் அவர். அந்த வழியில் வளர்ந்த பயிற்சியில், நோயாளியோடு பேசினதை அப்படியே எழுதிக் கொண்டுவந்து உடன் பயில்வோர் முன் படிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யிலும் இப்பயிற்சி உண்டு. நாம் நயமாகப் பேசினதாக நினைத்த இடத்தில் நண்பன் பென்சிலால் கோடு போடும்போது கொஞ்சம் சுடும், ஆனால் மறக்காது.

ஜெபம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். தினமும் காலை ஏழரைக்கு சிற்றாலயத்தில் ஜெபிக்கிறோம், அதை விடப்போவதில்லை. ஆனால் மோசே தனியாளாக நாள் முழுதும் ஜனங்களின் வழக்கைக் கேட்டு இளைத்துப்போவதைக் கண்ட மாமன் எத்திரோ, இன்னும் அதிகமாய் ஜெபி என்று சொல்லவில்லை. பொறுப்பைப் பகிர்ந்துகொடுக்க ஆட்களை ஏற்படுத்தச் சொன்னார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை அறைக்குள் போதகர் போவதில்லை, நிர்வாகியும் போவதில்லை. ஊதிய உயர்வுக்கு அறிக்கை எழுதுகிற எவரும் உள்ளே இருந்தால் வாய் திறக்காது. மாதம் ஒருமுறை ஓய்வுபெற்ற சமூகப் பணிப் பேராசிரியை ஒருவர் மாத்திரம் வெளியூரிலிருந்து வந்து உடன் அமர்கிறார்.

பயிற்சிக்கு ஏன் செலவு என்பதற்கு ஒரே உதாரணம் போதும். பூச்சிமருந்து குடித்தவரைக் கொண்டுவரும் குடும்பம் போலீஸ் வழக்குக்குப் பயந்து, தவறிக் குடித்துவிட்டார் என்று சாதிக்கும். மருந்தின் பெயரைக்கூடச் சொல்லாது. பெயர் தெரியாவிட்டால் சிகிச்சை தடுமாறும். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்றது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. இதைத் திடமாக அறிந்த பணியாளர்தான் அந்தக் குடும்பத்தின் பயத்தை நீக்க முடியும். பத்து வருடத்துக்கு முன் படித்த படிப்பில் இது கிடையாது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ளதுபோன்ற கவுன்சில் இவர்களுக்கு நெடுங்காலம் இல்லை. 2021-இல் இயற்றப்பட்ட இணைச் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டத்தில்தான் மருத்துவ சமூகப் பணியாளர் என்ற பெயர் அட்டவணையில் ஏறியது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஆண்டுக்கு இருவரைப் பயிற்சிக்கு அனுப்ப ரயில் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும், பேராசிரியையின் போக்குவரத்துச் செலவு, வியாழக்கிழமை அந்த ஒரு மணி நேரம் வரிசையைக் கவனிக்க ஒரு பகுதிநேர உதவியாளர். இதுவரை பொது நிதியிலிருந்து சமாளித்தோம். வருகிற ஏப்ரல் முதல் அது இயலாது என்று பொருளாளர் சொல்லிவிட்டார். விருப்பமுள்ளவர்கள் காணிக்கை உறையின்மேல் "சமூகப் பணி" என்று எழுதினால் போதும்.

மதிய உணவுக்குப் பின் மருந்தகத்துக்கும் பணம் கட்டும் கவுண்டருக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறிய அறைக்கு வாருங்கள். நால்வரும் இருப்பார்கள். இன்று சனிக்கிழமையானபடியால் கதவு திறந்திருக்கும்.