அடுக்களையில் ஓர் அருட்காட்சி



அற்புதம் என்றவுடன் கடல் பிளந்ததும் மாண்டவர் மீண்டதுமே பலர்க்கு நினைவில் எழுகின்றன. ஆரவாரமில்லாத ஓர் அற்புதத்தையும் கிறித்தவ மறை எடுத்துரைக்கின்றது. யோவான் நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் கானா ஊர்த் திருமணம் நடைபெறுகின்றது. 6 கற்சாடிகளில் நிரப்பிய நீர் திராட்சை இரசமாகின்றது. அதனைச் சுவைத்த பந்தித் தலைவனுக்கு அது வந்த வழி தெரியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளர்க்கே தெரிந்திருந்தது. தலைமை இடத்தில் இருந்தவன் அறியாததை உழைத்த கைகள் அறிந்தன. இத்தகைய செயல்களை யோவான் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு ‘அடையாளம்’ என்பது பொருள். அடையாளம் எனின், அதனைப் படித்தறியும் கண்ணும் வேண்டுமன்றோ!

அக்கண் பெற்ற ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரில் வாழ்ந்தார். பிரெஞ்சு நாட்டுக் கார்மேல் துறவியாகிய சகோதரர் லாரன்சு என்பவர் அவர். லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தம் 18ஆம் அகவையில், ஒரு பனிக்காலத்தில், இலையுதிர்ந்து நின்ற மரமொன்றை அவர் கண்டார். சின்னாளில் அது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவருள் எழுந்தது. வானம் திறக்கவில்லை, அசரீரி ஒலிக்கவில்லை, மரம் மரமாகவே நின்றது. எனினும், வெறுங்கொம்பில் வருந்தளிரைக் கண்ட அந்நோக்கு, இறைவனின் ஆற்றலையும் பேணலையும் உணர்த்தி, அவர் வாழ்வையே திருப்பிவிட்டது.

போர்வீரராய் இருந்து காயமுற்றவர் அவர். ஒரு கால் ஊனம். ஏவலராய்ப் பணியாற்றியபோது கைப்பட்டதையெல்லாம் உடைத்தவர் எனத் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொண்டவர். 1640இல் மடம் புகுந்தவர்க்கு அடுக்களைப் பணி தரப்பட்டது. அப்பணியில் அவர்க்கு இயல்பாகவே வெறுப்பு. இருந்தும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதனைச் செய்தார். தரையிற் கிடக்கும் துரும்பொன்றை எடுப்பதாயினும் இறையன்பிற்காக எடுத்தால் அது வழிபாடே என்பது அவர் கொள்கை. கலன்கள் உருளும் ஒலிக்கிடையிலும் ஆலயத்தின் அமைதியை அவர் உணர்ந்தார். மடத்திற்கு மது வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, நடக்கவியலாமல் படகிலிருந்த பீப்பாய்களின்மேல் உருண்டே நகர்ந்தார். அதனையும் இறைவன் பணியாகவே ஏற்றார்.

இங்குச் சிந்தித்தற்குரியது ஒன்றுண்டு. அவருடைய கால் நேராகவில்லை. மடத்தின் முதற் பத்தாண்டுகள் உள்ளத்துயரிலேயே கழிந்தன. தாம் இறைவனால் கைவிடப்பட்டவரோ என்ற அச்சமும் நெடுங்காலம் வாட்டியது. நம்பினார்க்கு நோய் நீங்கும், வறுமை தீரும் என்பதே சமயம் என்று கொள்வோர்க்கு இவ்வாழ்வு தோல்வியாகவே தோன்றும். அவ்வாறு கொள்வதில் கொடுமையும் உண்டு. வேண்டியும் நலம்பெறாத நோயாளியை நோக்கி ‘உன் நம்பிக்கை போதாது’ என்று பழிசொல்ல அது இடந்தருகின்றது. லாரன்சு பெற்ற புதுமை வேறு. துன்பம் அகலவில்லை, துன்பத்தினூடே உடனிருப்பவரைக் காணும் பார்வை வாய்த்தது. கால் மாறவில்லை, கண் மாறியது.

1691இல் அவர் மறைந்தார். அவருடைய உரையாடல்களையும் மடல்களையும் ஜோசப் தெ பொஃபோர் என்னும் குருவானவர் தொகுத்து வெளியிட்டார். அச்சிறு நூல் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வேறுபாடின்றி இன்றும் பயிலப்படுகின்றது. புலமை மிக்க இறையியலாளர் பலர் இருக்க, ஒரு சமையற்காரரின் சொல் இத்துணைக் காலம் நிலைத்ததற்கு, அவர் கண்டதையே சொன்னார் என்பதே காரணம் எனலாம்.

கவிஞர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. வியப்பைத் தேடி விண்ணிலே திரிவதற்குமுன், அடுப்பங்கரையையும் கிணற்றடியையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பந்தித் தலைவனுக்கு அருகில் அமர்ந்து சுவையைப் புகழ்வது எளிது. தண்ணீர் மொள்வாரோடு நின்று பார்ப்பவனுக்கே அச்சுவை வந்த வழி தெரியும்.