புத்தர் பெருமான் மறைவும் உபாலியார் நினைவாற்றலும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புத்தர் பெருமான் பரிநிருவாணம் எய்திய வரலாற்றையும், அவர்தம் அறவுரைகள் அழியாது நின்ற வகையையும் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். பிற சமயக் கதை நமக்கெதற்கு என்று வாயிலிலேயே ஒரு பெரியவர் வினவினார். அதற்கு விடை கதைக்குள்ளேயே இருத்தலின், சற்றே பொறுத்திருக்குமாறு அவரை வேண்டிக்கொள்கின்றோம்.

மல்லர் நாட்டுக் குசிநகரத்தின் புறத்தே, இரண்டு சால மரங்களுக்கிடையே, வடக்கே தலைவைத்துப் பெருமான் பள்ளிகொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 80. இலங்கையார் அவ்வாண்டைக் கி. மு. 544 எனக் கணக்கிடுவர். ஆராய்ச்சியாளர் பலர் அதற்குப் பிற்பட்டதென்பர். பாவா நகரத்துச் சுந்தன் என்னுங் கம்மியன் இட்ட உணவை உண்டபின் அவருக்கு நோய் மிகுந்தது. அவ்வுணவே அவரைக் கொன்றதென்று எவரும் அத்தொழிலாளியைப் பழியாதிருக்கவேண்டுமென ஆனந்தரிடம் பெருமான் சொல்லிவைத்தார். உயிர் பிரியும் வேளையிலும் ஒரு கம்மியன் மனம் புண்படலாகாதென எண்ணிய உள்ளம் அது.

தமக்குப்பின் தலைவர் இன்னாரென்று அவர் ஒருவரையும் நாட்டவில்லை. தாம் அருளிய தருமமும் விநயமுமே ஆசானாக நிற்குமென்றார். அவற்றுள் ஒரு வரியேனும் ஏட்டில் ஏறியதில்லை. அவ்வாசான் இருந்த இடம் கேட்டவர் நெஞ்சமே.

மகாகாசியபர் வழிநடையில் இச்செய்தியைக் கேட்டார். உடன் வந்தோர் பலர் அரற்றினர். முதுமையில் துறவு பூண்ட சுபத்தர் என்பார் மட்டும், இது தகும் இது தகாதென்று நம்மை நெருக்குவார் இனி இல்லை, விரும்பியது செய்யலாமென்று மகிழ்ந்தனராம். பெருமான் மறைந்து ஏழே நாளில் இப்பேச்சு! காசியபர் அஞ்சியதில் வியப்பில்லை. இராசகிருகத்தில் 500 துறவியரைக் கூட்டினார். அவர் வினவ, அறிந்தவர் விடை கூறுவதென்பது முறை.

முதலில் எடுத்தது ஒழுக்க முறையாகிய விநயம். அதற்கு விடை கூற அமர்ந்தவர் அரச குமாரரல்லர். உபாலியார் என்னும் நாவிதர். எந்த விதி எவ்வூரில், யாரைக்குறித்து, எக்குற்றம்பற்றி ஏற்பட்டதென அந்தணர் குலத்துக் காசியபர் ஒவ்வொன்றாக வினவ, நாவிதர் குலத்து உபாலியார் ஒவ்வொன்றாக உரைத்தார். வாயிலில் வினவிய பெரியவர் இப்பொழுது புன்னகை செய்கின்றார்!

உபாலியார் துறவு பூண்ட வரலாறும் கேட்கத்தக்கது. சாக்கிய குமாரர் அறுவர் துறவுக்குப் புறப்பட்டு, தம் அணிகலன்களை மூட்டையாகக் கட்டி அவர் கையிற் கொடுத்து, இதைக்கொண்டு பிழைத்துக்கொள்ளென்று திருப்பியனுப்பினர். குமாரர்களை நாமே கெடுத்தோமென்று சாக்கியர் நம்மைக் கொன்றுவிடுவரே என அஞ்சிய அவர், மூட்டையை மரத்தில் தொங்கவிட்டு, கண்டவர் எடுத்துக்கொள்கவென்று மீண்டும் அவர்பின் சென்றார். குமாரர்களோ, எம் குலச்செருக்கு ஒழியவேண்டும், எம் பணியாளனாகிய இவருக்கே முதலில் துறவளித்தருள்க, யாம் இவரை வணங்கி எழவேண்டுமென்று பெருமானிடம் விண்ணப்பித்தனர். அவ்வாறே நிகழ்ந்தது. அன்று வணங்கிய அறுவருள் ஆனந்தரும் ஒருவர். இராசகிருகத்திலும் உபாலியார் உரைத்து முடித்த பின்னரே ஆனந்தர் அறவுரைகளை எடுத்துரைத்தார். சிறு விதிகள் சிலவற்றை விலக்கலாமென்று பெருமான் அருளியிருந்தும், அவை எவையென்று கேட்டுக்கொள்ளாதது உம் குற்றமென்று அவையோர் ஆனந்தரைக் கடிந்தனர். கேளாது விட்டமையால் அனைத்தையுமே காக்கவேண்டியதாயிற்று.

விநயம் உபாலியார் மாணாக்கரிடம் ஒப்புவிக்கப்பெற்றது. உபாலியார், தாசகர், சோணகர், சிக்கவர், மொக்கலிபுத்த திசர் என அது வழிவழி வந்தது. அதனையே அசோகன் மகனார் மகிந்தர் இலங்கைக்குக் கொண்டுசென்றாரென அந்நாட்டு மரபு கூறும். கி. மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் துறவியரை வாட்டின. மனப்பாடம் செய்தவர் மாண்டால் நூலும் மாளுமென்று உணர்ந்து, மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் அவற்றை ஏட்டிலெழுதினர். நாவிதர் ஒருவர் நாவில் நின்றது ஓலையில் ஏறுதற்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. அதுவரை ஒரு தலைமுறையேனும் கேளாது விடவில்லை.

நம் குடியில் அடைப்பம் தூக்கிய பாட்டன்மார் புண்ணுக்கு மருந்து கட்டினர். பாட்டிமார் ஊர்ப்பெண்டிர்க்கெல்லாம் பேறு பார்த்தனர். அவர்கள் எழுதிவைத்தாரில்லர். நாமோ, இத்தொழிலின் பெயரைச் சொல்லவும் நாணி, கேட்டோமில்லை. நன்னூற் சூத்திரங்களை நாம் திண்ணையில் நெட்டுருச் செய்துகொண்டிருந்த நாளில், உள்ளே நம் பாட்டியார் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து அரைத்துக்கொண்டிருப்பார். அம்மிச் சத்தம் படிப்பைக் கெடுக்கின்றதென்று கடிந்ததுண்டு. அம்மியில் இருப்பது என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மருந்து இன்று நம் வீட்டில் எவருக்கும் தெரியாது.

இவ்வவையின் பின்வரிசையில் மூதாட்டியர் நால்வர் அமர்ந்திருக்கக் காண்கின்றோம். குறிப்பேடு கொண்டுவந்திருக்கின்றோம். கூட்டம் கலைந்தபின் அவர்கள் சற்று இருந்துபோகவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.